ஆன்டியஸின் கால்கள்

ஹெர்குலிஸ் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது சைக்கிளாகத்தான். தாத்தா வாங்கிய கறுப்பு ஹெர்குலிஸ் சைக்கிள், அம்பத்தூர் தயாரிப்பு, நான் பள்ளிக்கூடம் முடிக்கும் வரை திண்ணையில் சாய்ந்து நின்றது. அந்தப் பெயருக்கு ஒரு கிரேக்க வீரன் இருக்கிறான் என்று தெரிந்தது கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பப் பிரிவில் சேர்ந்த பிறகுதான். நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு பெரிய கலைப் புத்தகம் இருந்தது. அதில் ஒரு முழுப் பக்கத்துக்குக் கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு ஆண்கள். ஒருவன் இன்னொருவனை இடுப்போடு கட்டித் தூக்கியிருக்கிறான். தூக்கப்பட்டவன் வாயைப் பிளந்து கத்துகிறான். அவன் கால்கள் காற்றில் உதைக்கின்றன. அதை நான் எடுத்து எடுத்துப் பார்ப்பதைக் கண்டு, நூலகர் அந்தப் புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைக்காமல் மேசையிலேயே விட்டுவிட ஆரம்பித்தார்.

இப்போது சுவாமிமலையில் ஒரு பட்டறையில் மெழுகு வேலை பார்க்கிறேன். மெழுகில் உருவம் கட்டி, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகம் ஊற்றி வார்க்கிற தொழில். சாமித் திருமேனிகள்தான் என் பிழைப்பு. ஆனாலும் அந்தப் படம் மனதை விட்டுப் போகவில்லை. போன கோடையில் அந்த உருவத்தை என் கையால் மெழுகில் கட்டி, வார்த்தும் பார்த்துவிட்டேன். அதைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

மூலச் சிலை இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரத்தில், பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்தவர் அன்டோனியோ டெல் போலாயுவோலோ. காலம் 1475-ஐ ஒட்டி. முக்கோணப் பீடத்தோடு சேர்த்து உயரம் ஏறக்குறைய 46 செ.மீ., அதாவது ஒரு முழம். படத்தில் பார்க்கும்போது ஆள் உயரச் சிலை என்றுதான் நினைத்திருந்தேன். மேசை மேல் வைக்கிற அளவு என்று படித்தபோது எனக்குப் பிரமிப்பு கூடியது. ஒரு முழத்துக்குள் இத்தனை பாரமா!

போலாயுவோலோவின் அப்பா கோழி வியாபாரி. மகன் பொற்கொல்லராகத் தொழில் பழகியவர். அப்புறம் ஓவியர், செப்புத் தகட்டில் கோடு கீறி அச்செடுப்பவர், வெண்கலச் சிற்பி. ஹெர்குலிஸ் மேல் அவருக்கு ஆயுள் முழுக்க ஒரு பிடிப்பு இருந்திருக்கிறது. 1460 வாக்கில், ஃப்ளோரன்ஸில் பெரும் செல்வாக்கோடு இருந்த மெடிச்சி குடும்பத்தின் மாளிகைக்காக ஹெர்குலிஸின் வீரச் செயல்களை மூன்று பெரிய துணி ஓவியங்களாகத் தம்பியோடு சேர்ந்து வரைந்தார். 34 வருஷம் கழித்து, 1494-இல் எழுதிய கடிதத்தில் அவற்றைப் பற்றிப் பெருமையோடு சொல்கிறார். அந்த மூன்றும் இன்று இல்லை. இதே மல்யுத்தத்தை உள்ளங்கை அகலப் பலகையில் வரைந்த சிறு ஓவியம் ஒன்று மட்டும் அதே ஊரில் உஃபிட்ஸி கூடத்தில் இருக்கிறது. ஃப்ளோரன்ஸ்காரர்களுக்கு ஹெர்குலிஸ் அந்நியன் இல்லை. அவர்களுடைய குடியரசு முத்திரையிலேயே அவன் உருவம் இருந்தது. மெடிச்சிகள் தங்கள் வீட்டில் அவனை வைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹெர்குலிஸ் பொன் ஆப்பிள்களைத் தேடிப் போகும் வழியில் லிபியா நாட்டைக் கடக்கிறான். அங்கே ஆன்டியஸ் என்றொரு ராட்சசன். அப்பன் கடல் தெய்வம் பொசைடன், அம்மா பூமித்தாய். அந்த வழியே போகிறவர்களையெல்லாம் மல்லுக்கு இழுப்பான், தோற்றவர்களைக் கொல்வான், அவர்கள் மண்டை ஓடுகளை வைத்து அப்பனுக்குக் கோயில் கூரை போடுவான். நல்லவன் என்று சொல்ல முடியாது. அவனுக்கு ஒரு வரம் உண்டு. உடம்பு தரையில் படுகிற ஒவ்வொரு தடவையும் அம்மாவிடமிருந்து புதுப் பலம் ஏறும். கீழே தள்ளத் தள்ள இன்னும் வலுவாக எழுந்து வருவான். ஹெர்குலிஸ் இதைக் கண்டுபிடித்துவிட்டு, அவனைத் தள்ளுவதை நிறுத்துகிறான். இடுப்பைக் கட்டி அப்படியே தூக்குகிறான். மண்ணை விட்டுக் கால் எழும்பியதும் பலம் வடிந்துபோகிறது. தூக்கியபடியே இறுக்கி விலாவை நொறுக்குகிறான்.

இந்தக் கதையில் போலாயுவோலோ எந்த நொடியைப் பிடித்தார் என்பதில்தான் சிற்பியின் அறிவு இருக்கிறது. தூக்கியாயிற்று, ஆனால் இன்னும் செத்துப்போகவில்லை. ஆன்டியஸ் ஒரு கையால் ஹெர்குலிஸின் தலையை நெட்டித் தள்ளுகிறான். நெஞ்சு பின்னால் வளைந்து விலகப் பார்க்கிறது. கால்கள் ஆளுக்கொரு திசையில் உதைக்கின்றன, தரையைத் தேடுகின்றன. ஹெர்குலிஸ் கீழே இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றி, முதுகைப் பின்னுக்குச் சாய்த்து, அந்த மொத்த பாரத்தையும் தன் வயிற்றின் மேல் வாங்கியிருக்கிறான். முகம் இறுகியிருக்கிறது. இந்தச் சிலைக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம் நின்றால் கத்தும் வாய் தெரியும், இன்னொரு பக்கம் நின்றால் உதைக்கும் பாதம். சுற்றி வந்தால்தான் முழுச் சண்டையும் கண்ணில் படும்.

எனக்கு இந்த ஆசை வந்ததைப் பட்டறையில் பெரியவரிடம் சொன்னேன். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "பயில்வானா தம்பி? எந்தத் தாலத்துல போடப் போற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாலம் என்பது உருவத்தை முக நீளத்தால் அளக்கிற கணக்கு, தசதாலம் என்றால் பத்து, பஞ்சதாலம் என்றால் ஐந்து. எங்கள் வேலையில் மெழுகைத் தொடுவதற்கு முன்னால் ஓலையைத் தொட வேண்டும். சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலை ஒன்றை நறுக்கி, அதை மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு, நாபி, முழங்கால், பாதம் என்று பங்கு பிரித்துக்கொள்வோம். சிவனும் பெருமாளும் உத்தம தசதாலம், 124 பங்கு. அம்மனுக்கு 120. பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஹெர்குலிஸுக்கு நம் சாஸ்திரத்தில் எங்கே போய்க் கணக்குத் தேடுவது?

ஆனால் அவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. விட்ருவியஸ் என்ற பழைய ரோமானியக் கட்டடக் கலைஞர், மோவாயிலிருந்து நெற்றி முடி விளிம்பு வரையிலான முகம் மொத்த உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்று எழுதிவைத்திருக்கிறார். பத்து முக நீளம்! தசதாலம் என்று நாம் சொல்வதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார். "அப்ப ஓலையை மடி" என்றார். மடித்தேன். ஹெர்குலிஸுக்குப் பத்து முகம் வைத்தேன். ஆன்டியஸுக்கும் அதே பத்துதான். ஆனால் அவன் வளைந்து, முறுக்கி, மடங்கிக் கிடப்பதால் ஓலையை நேராகப் பிடித்து அளக்க வழியில்லை. துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு அங்கத்தின் மேலும் படுக்கவைத்து அளந்தேன்.

அளவு சரி. உடம்பு? எங்கள் திருமேனிகளில் தசை தெரியாது. தோள் யானைத் துதிக்கை போல வழுவழுவென்று இறங்கும், எலும்பும் நரம்பும் உள்ளேயே அடங்கியிருக்கும். மூச்சை உள்ளே நிறுத்திய உடம்பு அது. பல வருஷமாக அதே பழக்கத்தில் இருக்கும் கை இது. போலாயுவோலோவோ தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பிணங்களைத் தோலுரித்துப் படித்தவர் என்று, அவருக்குப் பின்வந்து கலைஞர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய வசாரி சொல்லியிருக்கிறார்.

எனக்கு உயிரோடு பாரம் தூக்குகிற உடம்பைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். அறுவடை நேரத்தில் அங்கே 40 கிலோ மூட்டைகளை நாள் முழுக்கத் தூக்கி அடுக்குகிற அண்ணன் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். மதியம் வேலை ஓய்ந்த நேரத்தில் போய், ஒரு மூட்டையை வயிற்றோடு அணைத்துத் தூக்கி நிற்கச் சொன்னேன். சட்டை இல்லாமல் நின்றார். நான் சுற்றிச் சுற்றி வந்து வரைந்தேன். நான் எதிர்பார்த்த இடத்தில் தசை எழவில்லை. கையில்தான் பலம் தெரியும் என்று நினைத்திருந்தேன். நடு முதுகில், தண்டுவடத்துக்கு இரண்டு பக்கமும், கயிறு முறுக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இரண்டு வரிகள் எழுந்தன. பிட்டமும் தொடையின் பின்பக்கமும் கல்லாகின. கால் கட்டை விரல் தரையைக் கவ்வியது. "கையால தூக்கக் கூடாது தம்பி. மூட்டைய வயித்தோட ஒட்டிக்கணும், குதிகால்ல நிக்கணும்" என்று அவரே விளக்கினார். அப்புறம் போனில் ஃப்ளோரன்ஸ் சிலையைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவன் சரியாத்தான் தூக்குறான். ஆனா மேல இருக்கிறவன் துள்ளுறான்ல, ரொம்ப நேரம் தாங்காது." போலாயுவோலோ சிலைக்கு இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய் என்று எங்கள் வழக்கமான கலவைதான். கோடையில் மெழுகு இளகும் என்பதால் குங்கிலியத்தைக் கொஞ்சம் கூட்டிப்போட்டேன். விடிகாலையில்தான் விரல்களும் பாதங்களும் செய்ய முடிந்தது. வெயில் ஏறியதும் தண்ணீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்தி வைத்துவிட வேண்டும்.

மெழுகுக்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பூஜைக்குப் போகிற திருமேனியைக் கனமாகத்தான் வார்ப்போம், உள்ளே கூடு இருக்காது. ஒரு கிலோ மெழுகு என்றால் எட்டு, ஒன்பது கிலோ உலோகம். நிற்கிற சிவனுக்கு அது பிரச்சினை இல்லை. இங்கே இரண்டு உடம்புகள் வயிறோடு வயிறு ஒட்டி நிற்கின்றன. நடுவில் ஒரே உருண்டையாக உலோகம் சேரும், அதிலிருந்து மெலிந்த கைகளும் கால்களும் நீட்டிக்கொண்டு போகும். மெலிந்த இடம் முதலில் உறையும், தடித்த இடம் கடைசியில். உறையும்போது உலோகம் சுருங்கும். கடைசியில் உறைகிற இடத்துக்குத் தீனி கிடைக்காமல் அங்கே குழி விழும், இல்லாவிட்டால் கை சேருகிற மூட்டில் விரிசல் ஓடும். பெரியவரே வழி சொன்னார். "பூஜைக்குப் போகாத உருவம்தானே. உள்ள மண் வெச்சுக் கூடா வார்த்துடு."

இத்தாலியர்களும் அப்படித்தான் செய்தார்கள். இரும்புக் கம்பியில் களிமண்ணால் உள்ளுருவம் பிடித்து, அதன் மேல் மெழுகு போர்த்தி, மெழுகு உருகிப் போன பிறகு உள்மண் நகராமல் இருக்க ஆணி குத்தி நிறுத்துவார்கள். உலோகம் மிச்சம், எடை மிச்சம், குழி விழுகிற பயமும் குறைவு. நானும் இரண்டு நடுவுடம்புக்கும் சேர்த்து ஒரே மண் உருவம் பிடித்தேன். உள்ளே ஒட்டிப் பிறந்தவர்களாகத்தான் அந்த இரண்டு எதிரிகளும் என் பட்டறையில் உருவானார்கள்.

மேலே மண் பூசும் வேலையைத்தான் நான் அதிகம் ரசித்தேன். சுவாமிமலையில் இந்தத் தொழில் வேர் பிடித்ததற்குக் காவிரி வண்டல் ஒரு பெரிய காரணம். கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும்போது எடுத்துவைத்த வண்டலை உமிக்கரியோடு அரைத்து, சலித்து, சந்தனம் மாதிரி குழைத்து முதல் பூச்சு. மெழுகில் நகக்கீறல் இருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும் மண் அது. நிழலில் காய்ந்ததும் வயல் களிமண்ணும் மணலும் கலந்து இரண்டாம் பூச்சு, அதற்கு மேல் இன்னும் கரடாக மூன்றாவது, பிறகு கம்பிக் கட்டு. ஆன்டியஸின் கைக்கும் ஹெர்குலிஸின் தலைக்கும் நடுவில் ஒரு சின்ன பொந்து வருகிறது, சுண்டு விரல்கூட நுழையாது. அதற்குள் மண் முழுசாகப் போக வேண்டும், போனது உடையாமல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே உலோகம் நிரம்பிக் கை தலையோடு ஒட்டிவிடும். அணில் வால் தூரிகையால் நீர்த்த வண்டலைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, நடுவே ஒரு மெல்லிய ஆணியைக் குறுக்கே விட்டுத்தான் அந்த இடத்தைக் காப்பாற்றினேன்.

இந்த இடத்தில் ஆன்டிகோவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இவர் மாந்துவா நகரத்துக் கோன்சாகா குடும்பத்தின் சிற்பி, 1528-இல் இறந்தவர். இவரும் பொற்கொல்லர் வழியில் வந்தவர்தான். இவரும் ஹெர்குலிஸ், ஆன்டியஸ் இருவரையும் வார்த்திருக்கிறார், ஆனால் வேறு விதமாக. ரோமில் அப்போது இருந்த ஒரு பழைய சலவைக்கல் சிலையைப் பின்பற்றியவர் என்பதால் இவருடைய ஹெர்குலிஸ் பின்னாலிருந்து ஆன்டியஸைக் கட்டித் தூக்குகிறான். முதலில் லுதோவிகோ என்ற பிஷப்புக்காகச் செய்த உருவங்களின் அச்சுகளை ஆன்டிகோ பத்திரமாக வைத்திருந்தார். 1519-இல் இசபெல்லா தெஸ்தே என்ற சீமாட்டிக்கு, அவற்றிலிருந்து மறுபடி வார்த்துத் தர முடியும் என்று கடிதம் எழுதினார். ஆன்டியஸைக் கொல்லும் ஹெர்குலிஸைத் தனியாகப் புகழ்ந்தும் எழுதினார். இசபெல்லாவுக்காக வார்த்தது இன்று வியன்னாவில் இருக்கிறது. அடியில் இசபெல்லாவின் பெயர் பொறித்திருக்கிறது.

மூல உருவத்தை அழிக்காமல், அதிலிருந்து துண்டு அச்சு எடுத்து, அந்த அச்சில் மெழுகை மெல்லிசாகப் படியவைத்து வார்ப்பது ஆன்டிகோவின் முறை. ஒன்றிலிருந்து பல. கறுப்பு மெருகு, தங்கம் பூசிய முடி, வெள்ளி பதித்த கண் என்று அவர் முடிக்கிற அழகுக்கு நிகர் இல்லை. எங்களிடம் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், உடைத்த பிறகு திரும்ப அதேபோல் செய்ய அச்சு இருக்காது. இப்போது சின்ன விளக்குகள், பரிசுப் பொருட்களுக்கு ரப்பர் அச்சு வந்துவிட்டது. பிழைப்புக்கு அது வேண்டும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போலாயுவோலோவின் சிலையையும் ஆன்டிகோவின் சிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் மனசு போலாயுவோலோவிடமே போகிறது. ஆன்டிகோவின் சிலை அழகு. போலாயுவோலோவின் சிலையில் சண்டை இன்னும் நடக்கிறது.

வார்ப்பு நாள். அச்சை வரட்டி நெருப்பில் சுட்டு மெழுகை வடித்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் குழியில் இறக்கி மண் இட்டு இறுக்கினோம். உலைக்குப் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் செல்லினியின் நினைவு வரும் எனக்கு. ஃப்ளோரன்ஸ் நகரச் சதுக்கத்தில் 1554-இல் திறந்துவைக்கப்பட்ட பெர்சியஸ் சிலையைச் செய்தவர். அதை வார்த்த கதையைத் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். காய்ச்சலில் படுத்துவிடுகிறார், ஆட்கள் வந்து எல்லாம் பாழாகிவிட்டது என்கிறார்கள். எழுந்து ஓடிப் பார்த்தால் உலையில் உலோகம் கட்டித் தட்டிக் கிடக்கிறது. ஓக் விறகைப் போட்டு நெருப்பைக் கிளப்புகிறார். அப்படியும் ஓட்டம் போதாமல், வீட்டில் இருந்த ஈயத் தட்டுகள், கிண்ணங்கள் என்று 200 சொச்சத்தைக் கொண்டுவந்து போடுகிறார். உலோகம் இளகி ஓடுகிறது. வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் சீக்கிரம் உருகும், நன்றாக ஓடும், அது தெரிந்த மனிதர். பெர்சியஸ் வெட்டி உயர்த்திப் பிடித்த அரக்கி மெதூசாவின் தலை சரியாக வரும், கீழே இருக்கும் பாதத்துக்குத்தான் உலோகம் சூடு குறையாமல் போய்ச் சேராது என்று அவர் முன்கூட்டியே பிரபுவிடம் சொல்லியிருந்தார். உடைத்துப் பார்த்தால் கால் விரல்களும் அதற்கு மேலே கொஞ்சமும்தான் நிரம்பவில்லை. இதைப் படிக்கும்போது எனக்கு உள்ளங்கை வேர்க்கும். எந்த ஊர்ப் பட்டறைக்காரனுக்கும் வேர்க்கும்.

உலோகம் உருக்கும் எங்கள் மூசையில் செம்பு, பித்தளை, கொஞ்சம் ஈயம். திருமேனிக்கு என்றால் பொன்னும் வெள்ளியும் துளி போடுவோம். இதற்குப் போடவில்லை. பெரியவர் மட்டும் வழக்கப்படி உலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஊற்றினார். நூல் பிடித்த மாதிரி மெலிதாக, நிற்காமல் ஊற்ற வேண்டும். காற்று வெளியேற வைத்த வழியில் உலோகம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தினார். மறுநாள் மண்ணை உடைத்தோம். முதலில் வெளியே வந்தது ஆன்டியஸின் ஒரு பாதம், ஐந்து விரலோடும்.

இனி நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் வழுவூர். சிவனின் எட்டு வீரச் செயல்களுக்கான தலங்களான அட்ட வீரட்டானங்களில் ஒன்று. சிவன் யானையை உரித்துத் தோலைப் போர்த்திய தலம். அங்கே இருக்கும் கஜசம்ஹார மூர்த்தியின் செப்புத் திருமேனியைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். யானைத் தோல் வட்டமாகப் பின்னால் விரிந்திருக்க, அதற்குள் சிவனின் உடம்பு முறுக்கித் திரும்புகிறது. தூக்கிய காலின் உள்ளங்கால் நமக்குத் தெரிகிறது. அந்தத் திருப்பத்தை அந்தக் காலத்தில் எப்படித்தான் மெழுகில் பிடித்தார்களோ, இன்று வரை என் தொழில்காரர்களுக்கு அது பாடம். தோல் போர்த்த வீரன் என்ற வகையில் ஹெர்குலிஸும் அங்கே வருகிறான். அவன் போர்த்தியிருப்பது சிங்கத்தோல்.

வழுவூரில் சிவனுக்குக் கஷ்டம் இல்லை. யானை பெரியது, ஆனால் அவர் உடம்பில் திணறல் தெரியாது. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் பாருங்கள், 1011-ஆம் ஆண்டுச் சிலை. பக்கத்தில் இருந்த காளை போய்விட்டது. சாய்ந்த கை மட்டும் காற்றில் நிற்கிறது. காளை இல்லாமலே அந்தச் சாய்வில் ஒரு குறையும் இல்லை. எங்கள் மரபில் பாரம் என்பதே தெரியக்கூடாது. அந்தத் திருமேனிகளோ நிஜமான பாரம். அவற்றின் பீடத்தில் துளை வைத்துக் கழி செருகித் தோளில் தூக்கி வீதியுலா போகிறோம். பாரம் தூக்குகிறவனுக்கு, சாமிக்கு இல்லை.

போலாயுவோலோ செய்த ஹெர்குலிஸ் பாதி தெய்வம், ஆனால் அவனுக்கு முதுகு வலிக்கிறது. தூக்குவது எவ்வளவு சிரமம் என்பதை ஒரு முழ வெண்கலத்தில் அவர் மறைக்காமல் வைத்தார். மூட்டை தூக்குகிற அண்ணன் அதைப் பார்த்த உடனே தன் தொழிலை அடையாளம் கண்டுகொண்டார். அதற்காகவே இந்தச் சிலை என் கையில் ஒருமுறையாவது வந்து போக வேண்டும் என்று நினைத்தேன்.

மெழுகு கட்டக் கட்ட இன்னொன்றும் நடந்தது. வேலையை ஆரம்பித்தபோது என் கண் முழுக்க ஹெர்குலிஸ் மேல் இருந்தது. முடிக்கும்போது நான் ஆன்டியஸ் பக்கம் போய்விட்டேன். அவன் கொலைகாரன், தெரியும். ஆனால் மண்ணை விட்டுத் தூக்கினால் பலம் போய்விடுகிற ஒருவரோடு நான் வளர்ந்திருக்கிறேன். முழங்கால் வலி அதிகமானபோது அப்பாவை என் சொந்த அண்ணன் திருப்பூருக்குக் கூட்டிப்போனார். மூன்றாவது மாடி வீடு. நல்ல சாப்பாடு, நல்ல மருத்துவர், பேரப் பிள்ளைகள். அப்பா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மெலிந்துகொண்டே போனார். யாரோடும் பேச்சு இல்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தியை டிவியில் பார்த்த அன்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூட வரவில்லை. நேரே வயலுக்குப் போய், மடையைச் சரிபண்ணிவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றார். அன்றைக்கு அவர் சாப்பிட்ட சாப்பாடு அம்மாவுக்கு இன்னும் பேச்சு.

அதனால்தான் அந்தக் கால்களை நான் அவ்வளவு நேரம் எடுத்துச் செய்தேன். விரல்கள் கீழ்நோக்கி விரிந்திருக்கின்றன, எட்டுமா என்று. பீடத்துக்கும் பாதத்துக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தைச் செதுக்கும்போது உளியை வைக்கவே பயமாக இருந்தது. அரம் போட்டு மெருகேற்றும்போது ஹெர்குலிஸின் தோளையும் முதுகையும் பளபளக்க விட்டேன். ஆன்டியஸின் பாதத்தில் மட்டும் வார்ப்பில் வந்த கறுத்த தோலை எடுக்கவில்லை. பெரியவர் அதைக் கவனித்தார். "அது அப்படியே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

சிலை இப்போது பட்டறை அலமாரியில், முடிக்காத நடராஜருக்கும் ஒரு காரைக்கால் அம்மையாருக்கும் நடுவில் இருக்கிறது. வாங்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் விலை கேட்டார்கள். விற்கிற எண்ணம் இல்லை.

அடுத்து ஆன்டியஸை மட்டும் தனியாகச் செய்யப் போகிறேன். சண்டைக்கு முன்னால், இரண்டு காலும் தரையில் பதிந்து நிற்கிற மாதிரி. இந்தத் தடவை கூடு கிடையாது, கனமாகவே வார்க்கலாம் என்று பெரியவரும் சம்மதித்துவிட்டார். பத்துத் தாலத்துக்கு ஓலை நறுக்கி வைத்திருக்கிறேன். மெழுகு முடிந்ததும் படம் போடுகிறேன்.